வெற்றி நாடாவுக்கு அப்பால்

மாலைத் திருப்பலி இல்லாத நாள்களில், ஐந்தரை மணி அளவில் அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கேன்வாஸ் காலணி அணிந்து கல்லணைக் கால்வாய்க் கரைக்குப் புறப்படுவது கடந்த ஈராண்டாக நமக்கு வழக்கமாகிவிட்டது. இரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது, நாள்தோறும் நடக்க வேண்டும் என்றார் மருத்துவர். நடந்தோம். ஆனால் பங்கின் வரவு செலவுக் கணக்கும், ஒழுகும் பள்ளிக் கூரையும், தீராத கல்லறைத் தோட்ட எல்லைத் தகராறும் நம்முடனேயே நடந்து வந்தன. ஒரு நாள் மழை துரத்த, இயன்ற வேகத்தில் ஓடினோம். பங்கு இல்லத் திண்ணையில் நின்று மூச்சு வாங்கியபோதுதான், கடந்த கால் மணி நேரமாக எந்தத் தகராறும் நினைவில் இல்லை என்பது தெரிந்தது. அன்று தொடங்கிய ஓட்டம் இது.

ஐம்பதைக் கடந்த குருவானவர் ஒருவர் ஓடுவது ஊருக்குப் புதிய காட்சி. முதல் வாரத்தில், ஆடு ஓட்டி வந்த மூதாட்டி ஒருவர், "என்ன சாமி, நாய் தொரத்துதா?" என்று மெய்யாகவே பதறிக் கம்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். இளைஞர்கள் சிரித்தார்கள். இப்போது எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் சாய்த்த தென்னைகளுக்குப் பதிலாக நட்ட கன்றுகள் வளர்ந்து நிற்கும் தோப்புகளின் ஓரமாகக் கரையில் சிறிது தொலைவு ஓடிவிட்டு, இறுதியில் பள்ளி மைதானத்தைச் சில சுற்றுகள் சுற்றி வருவோம். இதனை ஓட்டம் என்று அழைப்பது மிகை என்பார் கூற்றையும் நாம் மறுப்பதில்லை.

ஓடும்போது நூலைப் படிக்க இயலாது. படத்தைப் பார்க்கவும் இயலாது. ஆயினும் படித்த நூலும் பார்த்த படமும் மூச்சிரைப்பின் நடுவே வந்து, நாற்காலியில் அமர்ந்திருந்தபோது காட்டாத முகத்தைக் காட்டுகின்றன. கடந்த ஓராண்டில், நம் கால்களுக்குத் துணையாக, ஓட்டத்தைப் பொருளாகக் கொண்ட சில நூல்களையும் படங்களையும் தேடிப் படித்தோம், பார்த்தோம். சில நமக்குப் புதியவை, சில முன்னரே அறிந்தவை. அவற்றைக் குறித்து மாலை நேரங்களில் எண்ணியவற்றை வாசகரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பங்குத்தந்தைக்கு நாவலும் திரைப்படமும் எதற்கு என்று கேட்போர் உண்டு. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூலை 17 அன்று கையொப்பமிட்ட, உருவாக்கப் பணியில் இலக்கியத்தின் பங்கு பற்றிய மடல் அக்கேள்விக்கு விடை தருகிறது. குருக்களின் பயிற்சியை மனத்தில் கொண்டே தாம் அதை எழுதத் தொடங்கியதாகவும், பின்னர் அது கிறித்தவர் அனைவருக்கும் பொருந்தும் என்று கண்டதாகவும் அவர் அதில் கூறுகிறார். இளமையில், 1964-65 ஆண்டுகளில், அர்ஜெந்தீனாவின் சாந்தா ஃபே நகரிலுள்ள இயேசு சபைப் பள்ளியில் இலக்கியம் கற்பித்தவர் அவர். இலக்கியத்தைப் படிப்பது பிறர் குரலுக்குச் செவிசாய்க்கும் பயிற்சி என்பது அம்மடலின் சாரம். அப்பயிற்சியில் நாம் எவ்வளவு பின்தங்கியிருந்தோம் என்பதை ஒரு நிகழ்ச்சி காட்டிற்று. அதனை முதலில் சொல்லிவிடுதலே நேர்மை.

மாலையில் நம் மைதானத்தில் ஓடுவோர் நாம் மட்டும் அல்லர். காவலர் தேர்வுக்கு ஆயத்தம் செய்யும் இளைஞர்களும் பெண்களும் அங்கே ஓடுவார்கள். இரண்டாம் நிலைக் காவலர் பணிக்கான உடல் திறன் தேர்வில், ஆண்கள் 1500 மீட்டரை ஏழு நிமிடங்களுக்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்கள் 400 மீட்டரை இரண்டரை நிமிடங்களுக்குள். நம் மைதானத்தின் ஒரு சுற்று 200 மீட்டர் என்பதால், ஆண்களுக்கு ஏழரைச் சுற்று. கைப்பேசியில் நேரம் குறிக்கும் பணியை நம்மிடம் ஒப்படைத்திருந்தார்கள். நாமும் அதனை ஒரு திருப்பணியாகவே செய்தோம். தேர்வுக்கு முந்திய ஞாயிறன்று, கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தில் புனித பவுல் கூறும் பந்தய ஓட்டத்தை விளக்கி மறையுரை ஆற்றினோம். பரிசு ஒருவருக்கே, ஆகவே பரிசு பெறுமாறு ஓடுங்கள் என்று பவுலின் கருத்தை எடுத்துச் சொல்லி, முன்வரிசையில் இருந்த மூவரையும் பெயர் சொல்லி வாழ்த்தினோம்.

மூவரில் இருவர் தேறினர். மூன்றாமவர் ஏழு நிமிடம் நான்கு நொடியில் ஓடி முடித்தார். தேறிய இருவருக்கும் அடுத்த ஞாயிறு திருப்பலியின் முடிவில் பொன்னாடை போர்த்தினோம். ஆலயம் நிறையக் கைதட்டல். மூன்றாமவர் கடைசித் தூணருகே நின்றிருந்ததையும், கைதட்டல் ஓயுமுன் வெளியேறியதையும் பீடத்திலிருந்தே கண்டோம். கண்டும், எவரையும் அனுப்பவில்லை, நாமும் போகவில்லை. அதன்பின் மைதானத்திலும் ஆலயத்திலும் அவரைக் காணவில்லை. நான்கு வாரம் சென்றது.

அந்த நான்கு வாரங்களில் ஓடியபோதுதான், நாம் படித்தவற்றையும் பார்த்தவற்றையும் நோக்கி ஒரு கேள்வி எழுந்தது. ஓட்டத்தைப் பற்றிய படைப்பு எதுவாயினும், வெற்றி நாடா அறுந்தபின் அது எதைக் காட்டுகிறது? நாடாவோடு முடிந்துவிடுகிறதா? அல்லது, நாடாவைத் தொட்டவரோடும் தொடாதவரோடும் சற்று தூரம் உடன் நடக்கிறதா? இக்கேள்வியை உரைகல்லாகக் கொண்டு உரசிப் பார்த்தபோது, நாம் புகழ்ந்த சில மங்கின. நாம் கவனியாத சில ஒளிவிட்டன.

முதலில் 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்' (1981). ஹியூ ஹட்சன் இயக்கிய இவ்வாங்கிலப் படத்தை நாம் முதன்முதலில் கண்டது குருமடத்தில். வாடகைக்கு எடுத்த வீடியோ பெட்டியின்முன் தரையில் நெருங்கி அமர்ந்து பார்த்தோம். நான்கு ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற படம். திரைப்படக் கலையின் நூற்றாண்டையொட்டி 1995-இல் வத்திக்கான் வெளியிட்ட 45 படங்களின் பட்டியலில், விழுமியங்களைப் போற்றும் படங்களின் வரிசையில் இடம்பெற்றது. 1924 பாரிஸ் ஒலிம்பிக் போட்டியில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிறன்று நடைபெற்றதால், ஆண்டவரின் நாளில் ஓடமாட்டேன் என்று விலகி, பின்னர் 400 மீட்டரில் 47.6 நொடியில் ஓடித் தங்கம் வென்ற எரிக் லிடிலின் கதையும், யூதர் என்பதால் ஏளனத்துக்கு ஆளாகி, அதற்கு விடையாக 100 மீட்டரில் வென்ற ஹாரல்டு ஆபிரகாம்ஸின் கதையும் இதில் பின்னி வருகின்றன. அன்று லிடில் நாடாவைத் தொட்டபோது குருமட மாணவர் அனைவரும் எழுந்து நின்று கைதட்டினோம்.

இப்போது மீண்டும் பார்த்தபோது இரு குறைகள் தென்பட்டன. தகுதிச் சுற்று ஞாயிறன்று என்னும் செய்தியை லிடில் கப்பலேறும் வேளையில் அறிவதாகப் படம் காட்டுகிறது. உண்மையில் அவர் அதனைப் பல மாதங்களுக்கு முன்பே அறிந்திருந்தார். அறிந்து, 400 மீட்டருக்குப் பயிற்சி செய்தார். திடீர் முடிவு திரைக்கு அழகாக இருக்கலாம். ஆனால், தான் எதனை விட்டுக்கொடுத்தோம் என்பதை அறிந்தவராய் மாதக்கணக்கில் ஓடிப் பழகிய மனிதரின் அமைதி, அத்திடீர் முடிவினும் பெரிது அன்றோ? அடுத்தது, பாரிசுக்குப் பின் அவர் வாழ்ந்த வாழ்வு. 1925-இல் மறைபணியாளராகச் சீனா சென்ற அவர், இருபது ஆண்டுகள் அங்கே உழைத்தார். ஜப்பானியரின் வெய்சியன் தடுப்பு முகாமில் அடைபட்டு, அங்கிருந்த சிறுவர்களுக்குப் பாடமும் விளையாட்டும் நடத்தி, மூளைக் கட்டியால் 1945 பிப்ரவரி 21 அன்று 43-ஆம் அகவையில் இறந்தார். இவ்விருபது ஆண்டுகளும் படத்தில் இறுதியில் தோன்றும் ஓரிரு வரி எழுத்தாகச் சுருங்கிவிட்டன. நாடாவரை இரண்டு மணி நேரம். நாடாவுக்குப்பின் இரண்டு வரி.

ஆயினும் இப்படத்தை முற்றிலும் குறைகூற நம்மால் இயலாது. ஆபிரகாம்ஸின் பயிற்சியாளர் முஸபினி, ஊதியம் பெறும் பயிற்சியாளர் என்பதால் அரங்கினுள் ஒதுக்கப்பட்டவர். அருகிலுள்ள ஓர் அறையில் தனித்திருந்து, சன்னல் வழியே தம் நாட்டுக் கொடி ஏறுவதைக் கண்டே வெற்றியை அறிகிறார். மகிழ்ச்சியில் தம் வைக்கோல் தொப்பியைக் குத்திக் கிழித்துவிடுகிறார். வென்ற ஆபிரகாம்ஸோ, ஏதோ ஒன்றை இழந்தவர்போல் பேச்சற்று இருக்கிறார். நாடாவுக்கு அப்பால் வெறுமையும் இருக்கக்கூடும் என்று கூறும் இக்காட்சிகளே, லிடிலின் வெற்றிக் காட்சியினும் இன்று நம் மனத்தில் நிலைத்து நிற்கின்றன.

ஆலன் சில்லிட்டோவின் 'நெடுந்தொலைவு ஓட்டக்காரனின் தனிமை' என்னும் ஆங்கிலக் கதை 1959-இல் வெளிவந்தது. டோனி ரிச்சர்ட்சன் இதனை 1962-இல் படமாக்கினார். அடுமனை ஒன்றில் திருடி, சீர்திருத்தப் பள்ளியில் அடைக்கப்பட்ட ஸ்மித் என்னும் ஏழை இளைஞன், விடியுமுன் தனியே ஓட இசைவு பெறுகிறான். அவன் ஓட்டத்தால் தம் நிறுவனத்துக்குக் கோப்பை கிடைக்கும் என்பது தலைவரின் கணக்கு. பந்தய நாளில் அனைவருக்கும் முன்னே வரும் அவன், நாடாவுக்கு அருகே வந்து நின்றுவிடுகிறான்; பின்னால் வருபவன் தன்னைக் கடக்கும்வரை வேண்டுமென்றே காத்திருக்கிறான். அக்கோப்பை தனக்குரியதன்று, தலைவருக்குரியது என்பதை அவன் அறிவான். எஞ்சிய நாள்களில் கடினமான வேலைகள் அவனுக்குத் தண்டனையாகக் கிட்டுகின்றன.

இக்கதையைக் குருமட நூலகத்தில் படித்தபோது, அடங்காப்பிடாரி ஒருவனின் கதை என்று ஒதுக்கிவிட்டோம். திருடுவதை நியாயப்படுத்தும் அவன் பேச்சை இன்றும் ஏற்கவில்லை. ஆனால் அவன் கேட்காமல் கேட்கும் கேள்வி இப்போது நம்மை உறுத்துகிறது: இந்த நாடாவைக் கட்டியவர் யார்? பொன்னாடை போர்த்தியபோது தட்டப்பட்ட கைகள், தேறிய இருவருக்காகவா, அல்லது, "நம் பங்கிலிருந்து இரண்டு காவலர்" என்னும் நம் பெருமைக்காகவா? சீர்திருத்தப் பள்ளியின் தலைவருக்கும் நமக்கும் உள்ள தொலைவு நாம் எண்ணியதைவிடக் குறைவாக இருக்கலாம்.

ஜப்பானிய நாவலாசிரியர் ஹாருகி முரகாமி ஓட்டத்தைப் பற்றி எழுதிய நினைவுக்குறிப்பு நூல் 2007-இல் வெளிவந்தது. ஜாஸ் இசை விடுதி நடத்தி வந்தவர், அதனை விற்றுவிட்டு முழுநேர எழுத்தாளராகி, 1982-இல் தம் 33-ஆம் அகவையில் ஓடத் தொடங்கினார். 1983-இல் ஏதென்சிலிருந்து மராத்தான் ஊர்வரை தனியே ஓடினார். 1996-இல் ஹொக்கைடோவின் சரோமா ஏரிக்கரையில் 100 கிலோமீட்டர் ஓட்டத்தைப் பதினொன்றேமுக்கால் மணி நேரத்துக்குள் ஓடி முடித்தார். இந்நூலின் சிறப்பு அதன் நேர்மை. அகவை ஏற ஏறத் தம் வேகம் குறைவதை அவர் மறைக்கவில்லை. நூறு கிலோமீட்டர் ஓடி முடித்தபின் பெருமிதம் வந்ததாக அளக்கவும் இல்லை. ஓட்டத்தின்மீது இருந்த ஆர்வமே அதற்குப்பின் வடிந்துபோயிற்று என்கிறார். நாடாவுக்கு அப்பால் உள்ளதைச் சொல்லும் துணிவு அது. முழங்கால் வலிக்கும் நம் போன்றோருக்கு இந்நூல் நல்ல தோழன்.

எனினும் ஒரு மனக்குறை. முரகாமியின் ஓட்டத்தில் மற்றவருக்கு இடம் அரிது. தனிமையை விரும்பித் தேர்ந்துகொண்டவர் அவர். தம் எழுத்துக்கு வேண்டிய உரத்தையே ஓட்டத்தில் தேடுகிறார். இதில் பிழை ஏதுமில்லை. ஆனால், வேலை முடிந்து நகரப் பேருந்தைப் பிடிக்கக் கால்வாய்ப் பாலத்தில் ஓடும் துணிக்கடைப் பெண்களைப் பார்க்கும்போது, தனிமை என்பதே ஒரு செல்வம் என்று தோன்றுகிறது. அவர்கள் ஓட்டத்துக்கு ஒரு நூல் இல்லை. அந்த ஓட்டத்தின் எல்லைக்கோட்டில் அழும் குழந்தையும் அணைந்த அடுப்பும் காத்திருக்கின்றன.

அத்தகைய ஓட்டத்தை அறிந்த ஒரு கலைஞர் ஈரானின் மஜீத் மஜீதி. அவருடைய 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்' (1997), அயல்மொழிப் படத்துக்கான ஆஸ்கர் விருதின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்ற முதல் ஈரானியப் படம். தங்கை சாராவின் காலணியைத் தொலைத்துவிட்ட சிறுவன் அலி, வறுமையில் வாடும் தந்தையிடம் சொல்ல அஞ்சித் தன் காலணியைத் தங்கையோடு பகிர்ந்துகொள்கிறான். காலைப் பள்ளி முடிந்து தங்கை ஓடிவர வேண்டும். சந்தில் காலணியை மாற்றிக்கொண்டு அண்ணன் பகல் பள்ளிக்கு ஓட வேண்டும். பிறகு ஓர் ஓட்டப்பந்தயம் அறிவிக்கப்படுகிறது. அதில் மூன்றாம் பரிசு ஒரு ஜோடி காலணி. அலி மூன்றாமவனாக வர வேண்டும் என்று ஓடுகிறான். நெரிசலில் தன்னை அறியாமல் முதல்வனாகிவிடுகிறான். ஆசிரியர் அவனைத் தூக்கிக்கொண்டாட, ஒளிப்படம் எடுப்போர் சூழ, அவன் அழுகிறான். வெற்றியே தோல்வியாக மாறும் அந்த நொடியில், நாம் மெய்யெனக் கொண்டிருந்த வரிசை எண்கள் பொருளற்றுப் போகின்றன.

மஜீதி அத்துடன் முடிக்கவில்லை. அலி வீடு திரும்புகிறான். காத்திருந்த தங்கை அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் உள்ளே போகிறாள். கொப்புளம் கண்ட பாதங்களை முற்றத்துத் தொட்டி நீரில் வைக்கிறான். பொன்மீன்கள் வந்து சூழ்கின்றன. தந்தை காலணி வாங்கிவிட்டார் என்பது நமக்குத் தெரியும், சிறுவனுக்குத் தெரியாது. தோற்றுவிட்டதாக நம்பும் பிள்ளையை நோக்கி, அவன் அறியாமலே ஓர் அன்பு மிதிவண்டியில் வந்துகொண்டிருக்கிறது. இறையருள் குறித்துக் குருமடத்தில் ஓர் ஆண்டு முழுவதும் படித்ததை மஜீதி ஒரு சொல்லும் இன்றிச் சில நிமிடங்களில் கூறிவிட்டார் என்பது நம் துணிபு. நாடாவுக்கு அப்பால் உள்ளதைக் காட்டும் கலைக்கு இதனினும் சிறந்த எடுத்துக்காட்டை நாம் அறியோம்.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 2013-இல் வெளிவந்த 'எதிர்நீச்சல்' தமிழில் மராத்தான் ஓட்டத்தைக் களமாகக் கொண்ட படம். நகைச்சுவை நிறைந்த படந்தான்; ஆயினும் அதன் நடுவே பாலினப் பரிசோதனையால் பதக்கம் இழந்த வள்ளி என்னும் ஓட்டக்காரியை நிறுத்தித் தன்னைத் தானே உயர்த்திக்கொண்டது. அந்த வள்ளியில், புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் செங்கற்சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த சாந்தி சௌந்தரராஜனின் சாயல் இருப்பதைத் தமிழர் எவரும் உணர்வர். 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வென்றவர் அவர். பாலினப் பரிசோதனையைக் காரணம் காட்டி அப்பதக்கம் பறிக்கப்பட்டது. படத்தின் பரிவு உண்மையானது. ஆனால் உரைகல்லில் உரசினால் ஒன்று தெரிகிறது. வள்ளியின் துயரம் முன்கதையாக வந்து, நாயகன் ஓடுவதற்கு உரமாகிறது. ஓடுபவன் அவன், ஓரத்தில் நின்று பார்ப்பவள் அவள்.

சாந்தியின் மெய்வாழ்க்கையோ நாடாவுக்கு அப்பாலேயே விரிந்தது. பதக்கம் பறிபோனபின் அவர் தம் பகுதிச் சிறாருக்கு ஓட்டப் பயிற்சி அளித்தார்; 2012-இல் செங்கற்சூளையில் கூலி வேலை செய்யும் நிலைக்கு வந்தார்; பின்னர் தமிழக அரசின் விளையாட்டுத் துறையில் பயிற்சியாளர் ஆனார். ஓடத் தடுக்கப்பட்டவர் பிறரை ஓடப் பழக்குகிறார் என்பதைவிடப் பெரிய கதை எது? 2015-இல் ஒடிசாவின் டூட்டி சந்த் தொடுத்த வழக்கில், விளையாட்டுத் துறைக்கான பன்னாட்டு நடுவர் மன்றம் அத்தகைய விதிகளை நிறுத்தி வைத்தது. ஆயினும் தோகாவின் வெள்ளி சாந்தியிடம் திரும்பவில்லை.

மாரி செல்வராஜின் 'வாழை' (2024) ஓட்டப்பந்தயப் படமன்று. ஆனால் கால்களைப் பற்றி அண்மையில் வந்த படங்களில் நம்மைக் கலங்கவைத்தது அதுவே. பள்ளியை நேசிக்கும் சிவனணைந்தான் என்னும் சிறுவன், விடுமுறை நாளில் வாழைத்தார் சுமந்து சேற்று வரப்பில் நடக்க வேண்டியிருக்கிறது. கழுத்து வலிக்க, கால் வழுக்க, கூலிக்காக நடக்கும் நடை அது. ஒரு நாள் சுமைக்குப் போகாமல் நடனப் பயிற்சிக்காகப் பள்ளிக்குப் போகிறான். சுமைக்குப் போனவர்களை ஏற்றிவந்த லாரி கவிழ்கிறது. தப்பியவன் பசியோடு வீடு வந்து, தன்னோடு வளர்ந்தவர்களின் உடல்களைக் காண்கிறான். இங்கே வந்து சேர்ந்தவனே ஆறுதல் அற்றவன். பிழைத்தவனின் பசியையும் குற்ற உணர்வையும் ஒன்றாக நம்முன் வைத்துவிட்டு, இயக்குநர் எவ்விதத் தீர்வும் சொல்லாமல் விடுகிறார். இசை சில இடங்களில் வேண்டியதற்கு மேல் அழுகிறது என்பது நம் எண்ணம். ஆனாலும் அச்சிறுவனின் கால்களைக் கண்டபின், நம் மாலை ஓட்டத்தை உழைப்பு என்று சொல்லிக்கொள்ளும் துணிவு நமக்கு இல்லை.

இவ்வாறு எண்ணி ஓடிய ஒரு மாலையில் மீண்டும் பவுலிடம் வந்தோம். கொரிந்து நகருக்கு அருகே ஈராண்டுக்கு ஒருமுறை இஸ்துமிய விளையாட்டுகள் நடைபெற்றன. வென்றவர் தலையில் வாடிப்போகும் இலை முடி சூட்டினர். பவுலின் உவமை அம்மக்கள் கண்ணால் கண்ட காட்சி. நாம் அந்த உவமையோடு நிறுத்திக்கொண்டோம். திமொத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் திருமுகம் அதே ஓட்டத்தை முடிக்கும்போது, வெற்றி வாகை தமக்கு மட்டுமன்று, ஆண்டவர் வருகையை விரும்பிக் காத்திருக்கும் எல்லாருக்கும் உண்டு என்கிறது. ஒருவருக்கே பரிசு என்று தொடங்கிய உவமை எல்லாருக்கும் என்று முடிகிறது. நம் மறையுரை பாதியில் நின்ற ஓட்டம்.

விவிலியத்தில் வேறு இரு ஓட்டங்களும் உண்டு. கல்லறையை நோக்கி இரு சீடர் ஓடுகின்றனர். இளையவர் முந்தி வந்துவிடுகிறார், ஆயினும் உள்ளே நுழையாமல் மூத்தவர் வந்து சேரும்வரை நிற்கிறார். லூக்கா நற்செய்தியில், தொலைவில் வரும் மகனைக் கண்டு ஒரு முதிய தந்தை ஓடுகிறார். அக்காலத்தில் மதிப்புமிக்க முதியவர் ஆடையை மடித்துக் கட்டி ஓடுவது இழுக்கு என்று விவிலிய அறிஞர் கூறுவர். அந்த ஓட்டத்தில் முந்துவோரும் இல்லை, பிந்துவோரும் இல்லை. எவரை நோக்கி ஓடுகிறோம் என்பதே அதன் பொருள். ஊர் சிரிக்குமே என்று முதல் வாரம் கூசிய நமக்கு, அத்தந்தையின் முன் நாணமாக இருந்தது.

அன்று மைதானத்துக்குப் போகாமல், கரையிலிருந்து இறங்கி அந்த இளைஞரின் வீட்டுக்குப் போனோம். ஓடவில்லை, நடந்தேதான். கடப்பாரையில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தார். எழுந்து நின்றார், ஒன்றும் பேசவில்லை. அவருடைய தாயார் காப்பி கொண்டுவந்தார். பொன்னாடை நாளைப் பற்றி மன்னிப்புக் கேட்டோம். "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க சாமி" என்றார். ஏதோ இருந்தது என்பது அக்குரலில் தெரிந்தது. விடைபெறும்போது, "நாலு செகண்டுதான் சாமி" என்றார். நாம் அதற்கு மறுமொழி சொல்லவில்லை. சொல்லக்கூடிய மறுமொழி எதுவும் நம்மிடம் இல்லை.

இரண்டு வாரம் கழித்து அவர் மைதானத்துக்கு வந்தார். மீண்டும் தேர்வு எழுதுவாரா என்று நாம் கேட்கவில்லை. வயது வரம்பு நெருங்குகிறது என்பதை அறிவோம். நம்மோடு இரண்டு சுற்று, நம் வேகத்தில், பொறுமையாக ஓடினார். இப்போது வாரத்தில் சில நாள் வருகிறார். 400 மீட்டருக்கு ஆயத்தம் செய்யும் பெண்ணுக்கு அவரே நேரம் குறிக்கிறார். நாம் குறித்ததைவிடச் சரியாகக் குறிக்கிறார். அப்பெண் எல்லைக்கோட்டைக் கடந்தபின், மூச்சு அடங்கும்வரை உடன் நடந்து, எந்த வளைவில் வேகம் தளர்ந்தது என்று எடுத்துச் சொல்கிறார். கோட்டைக் கடந்தவரோடு நடக்க வேண்டும் என்பது, நேரம் குறித்த நாள்களில் நமக்குத் தோன்றியதே இல்லை.

வாசகர் இந்நூல்களையும் படங்களையும் தேடிப் படிக்கவும் காணவும் வேண்டுகிறோம். குறிப்பாக மஜீதியின் படத்தைக் குடும்பத்தோடு அமர்ந்து பாருங்கள். பிள்ளைகள் நமக்கு விளக்கம் சொல்வார்கள். படம் முடிந்ததும் எழுந்துவிடாமல், நான்காவதாக வந்த சிறுவன் அன்று வீட்டுக்கு எப்படிப் போயிருப்பான் என்று ஒருவரையொருவர் கேட்டுப் பாருங்கள். நாமும் அடுத்த முறை பொன்னாடை வாங்கும்போது, கடைசித் தூணருகே யார் நிற்கிறார் என்று பார்த்துவிட்டுத்தான் வாங்குவதென்று முடிவு செய்திருக்கிறோம்.